தோர் சாமியின் ஆட்டு நல்லி

சாப்பிடுங்க அண்ணாச்சி, கூச்சப்படாம சாப்பிடுங்க. நான் இந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிடுதேன், தப்பா நெனைக்காதீங்க. ஆட்டுக்கறி வாசம் எனக்கு ஆகாது. நான் கறியத் தொட்டு மூணு வருசமாச்சு. தட்டுல கொழுப்பு உறைஞ்சு வெள்ளையா நிக்குது பாருங்க, அதப் பாத்தாலே அடிவயித்துலேர்ந்து என்னமோ எந்திரிச்சு வருது. அதுக்காக வீடு தேடி வந்த ஆளுக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா? வெளிய பனி கொட்டுது. உப்பு மூட்டையோட வாசல்ல வந்து நிக்கிறீங்க. படகு இனி நாளைக்குத்தான். மெதுவாத் தின்னுட்டு நெருப்புப் பக்கமா காலை நீட்டிக்கிடுங்க.

அந்த மூலையில உக்காந்திருக்கது என் வீட்டுக்காரி, யோருன். சமைச்சுத் தருவா, பேச மாட்டா. உங்ககிட்டன்னு இல்ல, என்கிட்டயும்தான். காது நல்லாவே கேக்கும். இப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. கேக்கட்டும், நான் ஒண்ணும் ஒளிச்சுப் பேசல.

நீங்க வாயத் தொறந்து கேக்கல. ஆனா கேக்கணும்னு நெனைக்கிறது தெரியுது. வாரவன் எல்லாம் மொதல்ல அவளப் பாக்கான், பெறகு அந்தா சும்மா கெடக்க ரெண்டு சின்னக் கட்டிலப் பாக்கான், பெறகு என் மூஞ்சியப் பாக்கான். ஏதோ நான் புள்ளைகளத் தின்னுட்ட மாதிரி. எல்லாம் ஒரு விருந்தாளியால வந்த வினை அண்ணாச்சி. சாமியாம்! தூ.

தோர் சாமி தெரியும்லா? இடி இடிக்கிற சாமி. மேகத்துல கடகடன்னு சத்தம் வந்தா அவரு வண்டி போகுதுன்னு சொல்லுவோம்லா, ரெண்டு கெடா பூட்டுன வண்டி. எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்களுக்கு அவருதான். அவரு கையில இருக்க சுத்தியல் மாதிரியே சின்னதா ஒண்ணு செஞ்சு கழுத்துல போட்டுக்கிடுவோம். நானும் போட்டிருந்தேன். இப்ப அது அடுப்புச் சாம்பல்ல எங்கயோ கெடக்கு.

அந்த வருசம் பார்லி முளைக்கவே இல்ல. மரப்பட்டைய இடிச்சு மாவுல கலந்து கூழு காய்ச்சிக் குடிச்சோம். பட்டைக் கூழு குடிச்சிருக்கீங்களா? நல்லது, குடிக்காதீங்க. தொண்டையில போறப்பவே சிராம்பு குத்தும். பசு ஒண்ணு இருந்துச்சு, அது குடுத்த பாலு வாய நனைக்கத்தான் காணும். நாலு பேரு. நான், இவ, மவன் தியால்வி, மவ ரோஸ்க்வா. அவனுக்கு அப்ப பன்னெண்டு வயசு. முயல ஓடியே பிடிப்பான் அண்ணாச்சி, கண்ணி கிடையாது, வலை கிடையாது, வெறுங்காலுலதான். மவளுக்குப் பத்து. வாயாடி. பசுவோட நாள் முழுக்கப் பேசிக்கிட்டு இருப்பா.

அப்படி வயிறு ஒட்டிக் கெடந்த ஒரு நாளு, பொழுது சாயுற நேரத்துல, வாசல்ல வண்டி வந்து நிக்குது. ஆளு உள்ள வந்தாரு பாருங்க, நெலைவாசல்ல தலை இடிச்சு வீடே ஆடுச்சு. செவப்புத் தாடி. தாடியில பனியும் சளியும் சேந்து தொங்குது. இடுப்புல சுத்தியலு. பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கும்பிட்டு விழுந்தேன். பின்னாலேயே இன்னொருத்தன், ஒல்லியா, பல்லக் காட்டிக்கிட்டு. அவன் லோகி. அவன் சாமியா ராட்சசனா, அது அவனுக்கே தெரியாது. அவனுக்குப் பொறந்ததுல ஒண்ணு ஓநாயி, ஒண்ணு பாம்பு. குதிரை ஒண்ண அவனே வயித்துல சொமந்து பெத்தானாம், எட்டுக் காலோட. ஆம்பள! அந்த மாதிரி ஒருத்தன கூடக் கூட்டிக்கிட்டு ஊரு ஊரா அலையுறவரு சாமின்னா, அந்தச் சாமிய என்னன்னு சொல்லுறது?

ராத்திரி தங்கணும்னாங்க. தங்குங்கன்னேன். சாப்பிட என்ன இருக்குன்னாரு. கூழு இருக்கு சாமின்னு சட்டியத் தொறந்து காட்டுனேன். ஒரு தடவ எட்டிப் பாத்தாரு. பெறகு சிரிச்சாரு. நம்ம வீட்டுச் சட்டியப் பாத்துச் சிரிக்கிறவன் எவ்வளவு பெரியவனா இருந்தாலும் வயிறு எரியும்லா? எரிஞ்சுது. ஆனா நானும் சிரிச்சேன்.

உடனே வெளிய போனாரு. வண்டியில பூட்டியிருந்த கெடா ரெண்டையும் அறுத்துட்டாரு. ஆமா, வண்டி இழுக்கிற கெடாதான்! நாளைக்கு எதுல போவாரு, யாரு கேக்குறது? தோல உரிச்சு, துண்டு போட்டு, கொப்பரையில கொண்டாந்து தள்ளுனாரு. அந்த வாசம்... இவ அடுப்ப ஊதிக்கிட்டே அழுதா. பசியில வார அழுகை. நானும் மறைச்சுக் கண்ணத் தொடச்சேன்.

வெந்துச்சு. எல்லாரையும் உக்காரச் சொன்னாரு. உரிச்ச ரெண்டு தோலையும் நெருப்புக்கு அந்தப் பக்கம் விரிச்சு வச்சுட்டு ஒரே ஒரு பேச்சு சொன்னாரு. "எம்புட்டு வேணும்னாலும் தின்னுங்க. எலும்ப மட்டும் உடைக்கப்பிடாது. முழுசா அந்தத் தோலு மேல போடணும்."

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. எலும்ப உடைக்காம ஆட்டுக்கறி திங்கிறது ஒரு தீனியா? எங்க வீட்டுல தொடை எலும்புன்னா கத்தியச் சொருகி, பொளந்து, உள்ள இருக்க நல்லிய உறிஞ்சி எடுத்தாத்தான் தின்ன மாதிரி. எங்க அப்பா அப்படித்தான் தின்னாரு. பஞ்சத்துல கெடக்கவன் முன்னால கறியப் போட்டு, இதத் தின்னு, அதத் தொடாதன்னா அது விருந்தா? அது பிச்சை. பிச்சையிலயும் ஒரு கண்டிசன்.

அவரு தின்னதப் பாத்திருக்கணும் நீங்க. ஒரு முன்னங்கால அப்படியே வாயில விட்டு வெறும் எலும்பா வெளிய இழுத்தாரு. தாடி பூரா கொழுப்பு. கைய நெஞ்சு மயிருல தொடைச்சுக்கிடுதாரு. ஏப்பம் விட்டா அடுப்பு நெருப்பு சாயுது. அந்த லோகி வாயத் தொறந்துக்கிட்டு மெல்லுதான், பல்லக் குத்தி எடுக்குதான், எடுத்தத உத்துப் பாக்கான், திரும்பவும் வாயில போடுதான். இதுகளையா தலைமுறை தலைமுறையாக் கும்பிட்டோம்னு எனக்கு அப்பவே விட்டுப் போச்சு. எலும்பு ஒண்ணொண்ணா தோலு மேல சதக் சதக்குன்னு விழுது. ஈரத் தோலு. ரத்தம் காயல.

விடிஞ்சுது. அவரு எந்திரிச்சு, துணிய உடுத்திக்கிட்டு, சுத்தியல எடுத்துத் தோலு மேல நீட்டி என்னமோ முணுமுணுத்தாரு. சொன்னா நம்ப மாட்டீங்க. எலும்பெல்லாம் தோலுக்குள்ள எலி மாதிரி ஓடுது. தோலு வீங்குது. காலு முளைக்குது. ரெண்டு கெடாவும் எந்திரிச்சு நின்னு செருமுது. ஊரு இத அதிசயம்னு சொல்லும். எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. நேத்து தின்ன கறி இன்னும் வயித்துல கெடக்கு அண்ணாச்சி. அதே கறி எதிர நின்னுக்கிட்டு என்னையப் பாத்துக் கத்துது!

அதுல ஒண்ணு பின்னங்கால நொண்டுச்சு.

அவரு குனிஞ்சு தொடையத் தடவிப் பாத்தாரு. நிமிந்தப்ப புருவம் ரெண்டும் எறங்கிக் கண்ண மூடியிருந்துச்சு. சுத்தியலப் பிடிச்ச கையில முட்டியெல்லாம் வெளுத்துப் போச்சு. "எலும்ப உடைச்சது யாரு?"ன்னாரு. கத்தல. மெதுவாத்தான் கேட்டாரு.

பெறகு என் மவன் முன்னால வந்தான். "நான் சாமி"ன்னான்.

பாத்தீங்களா, எப்படி வளத்திருக்கேன்னு! பன்னெண்டு வயசுப் பய, ஒரு சாமி முன்னால நின்னு நடுங்காம சொல்லுதான். அந்தத் தைரியம் எங்க வம்சத்துல உண்டு. ஊரு பூரா இன்னிக்கும் அப்படித்தான சொல்லுது, குடியானவன் மவன் தொடை எலும்பப் பொளந்துட்டான், அதுக்காகத் தோர் சாமி அவன இழுத்துக்கிட்டுப் போயிட்டாருன்னு. உங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க.

நான் கால்ல விழுந்தேன். "சாமி, எங்கள ஒண்ணும் செஞ்சிராதீங்க. இந்த வீட்டுல என்ன வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க"ன்னு அழுதேன். பசுவைக் கேப்பாருன்னு நெனைச்சேன். சத்தியமா பசுன்னுதான் நெனைச்சேன். அவரு சுத்தியலக் கீழ எறக்கிட்டு வீட்டச் சுத்திப் பாத்தாரு. "பையன் வரட்டும். பொண்ணும் வரட்டும். எனக்கு வேலைக்கு ஆகும்"னாரு.

குடுத்த வாக்க மாத்த முடியுமா? நான் வாக்கு மாறாத ஆளு. இவ மவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேன்னா. நான்தான் கைய எடுத்து விட்டேன். சாமிக்குத் திரும்பக் கோவம் வந்தா நாலு பேரும்லா போவோம்? அத இவ இன்னிக்கு வரைக்கும் புரிஞ்சுக்கிடல.

கெடாக்கள எங்க வீட்டுலயே விட்டுட்டாரு. கடலுக்கு அந்தப் பக்கம் ராட்சசங்க ஊருக்குப் போறாராம், நொண்டிக் கெடா ஆகாதாம், திரும்பி வாரப்ப எடுத்துக்கிடுதேன்னாரு. பொறப்படுறப்ப அந்த லோகிப் பய என் பக்கத்துல வந்தான். வாயி நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு. காதுக்குள்ள கேட்டான், "நல்லி எப்படி இருந்துச்சு பெரியவரே?"

என்னைய ஏன் கேட்டான்னு பாக்கீங்க.

சரி, சொல்லுதேன். ஒளிக்க என்ன இருக்கு? அன்னிக்குத் தொடை எலும்பு மவன் பங்குக்கு வந்துச்சு. அவன் கறியத் தின்னுட்டு, நல்ல புள்ளையா, முழுசாத் தூக்கித் தோலுல போடப் போனான். அதுக்குள்ள எம்புட்டு நல்லி இருக்கும்! சாமி வளத்த கெடா அது. நான் மெதுவா, "கொண்டா லேய் இங்க"ன்னேன். அவன், "வேண்டாம்ப்பா, சாமி சொன்னாருல்லா"ன்னான். எனக்குப் புத்தி சொல்லுதான்! வாங்கி மடியில வச்சு, கத்திய ஒரு ஓரத்துல சொருகினேன். நான் உடைக்கல அண்ணாச்சி. உடைக்கிறதுன்னா கல்ல வச்சு அடிக்கணும். நான் சொருகினேன், அது தானா விரிஞ்சிக்கிடுச்சு. ஒரே உறிஞ்சு. பெறகு விரிசல்ல கொழுப்பத் தடவி மூடி அவன் கையிலயே திரும்பக் குடுத்துட்டேன். சின்னப் பய போட்டா யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு. எல்லாம் ஒரு யோசனையோடதான் செஞ்சேன். கூரையப் பாத்துக்கிட்டுச் சாஞ்சு உக்காந்திருந்த லோகி எப்ப பாத்தான்னு எனக்குத் தெரியாது.

ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மாதிரி ஒரு நல்லி நான் சென்மத்துல தின்னதில்ல.

விடிஞ்சு சாமி கேட்டப்ப மவன் என்னையத் திரும்பிப் பாத்தான். பாத்தான், அம்புட்டுதான். நான் ஒரு வார்த்தை சொல்லல, நீ ஒத்துக்கோன்னு கண்ணக் காட்டல. அவனாத்தான் சொன்னான். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? பெரியவங்க யோசிச்சுக்கிட்டு இருக்கப்ப சின்னப் பயலுவ முந்திக்கிட்டா?

பெறகு அந்தக் கெடாக்களோட ஒரு பருவம் கழிச்சேன் பாருங்க, எதிரிக்கும் வரக்கூடாது. எங்களுக்கே கூழு இல்ல, அதுகளுக்குத் தழை ஒடிச்சுப் போடணும். நல்ல கெடா ஒரு வம்புக்கும் வராது. நொண்டி இருக்கே, அது நான் எங்க போனாலும் பின்னாலயே வரும். டொக், டொக், இழுப்பு. டொக், டொக், இழுப்பு. நின்னா நிக்கும். பல்ல நறநறன்னு கடிக்கும். புளிச்ச ஏப்பம், அழுகுன குளம்பு, அந்த மஞ்சக் கண்ணு. கண்ணு என் வாயவே பாக்கும்.

ஒரு நாளு கத்திய எடுத்துக்கிட்டுத் தொழுவத்துக்குப் போனேன். அறுக்கன்னு இல்ல, சும்மா பாத்துட்டு வரலாம்னுதான். இவ தொழுவத்து வாசல்ல குறுக்க நின்னா. ஒண்ணும் பேசல. அப்பவே பேச்சு கொறைஞ்சு போச்சு. நான் திரும்பி வந்துட்டேன்.

இலையுதிர் காலத்துல வந்தாங்க. கூட எங்க புள்ளைக ரெண்டும். மவன் ஒரு முழம் வளந்திருந்தான். ராட்சசங்க ஊருல ஓட்டப் பந்தயம் விட்டாங்களாம், மனுசன் நெனைப்பு இருக்குல்லா, அந்த நெனைப்பையே ஒரு ஆளா நிறுத்தி இவன அதோட ஓட விட்டாங்களாம். நெனைப்பத் தவிர வேற எவனாலயும் இவன முந்த முடியலையாம். மவ பெரிய மூட்டை ஒண்ணத் தோளுல போட்டிருந்தா. வீட்டுக்குள்ள வரல ரெண்டும். வண்டிப் பக்கமாவே நின்னுச்சுக. இவ ஓடிப் போயி ரெண்டு பேரு தலையையும் தடவிக்கிட்டு நின்னா.

சாமி என்னைய வெளிய கூப்பிட்டாரு. "உன் மவன் ஒரு பருவம் பூரா என்கூடத் தின்னுருக்கான், நானும் பாத்துக்கிட்டு வந்தேன்"னாரு. "எலும்பத் தொட்டாலே அவனுக்குக் கை நடுங்குது. கத்திய எலும்புல எப்படிச் சொருகணும்னு தெரியல. கேட்டா நான்தான்னு சாதிக்கான். அன்னிக்குப் பொளந்தது அவன் இல்ல. பொளந்தவன் இப்ப ஒத்துக்கிடட்டும். கொல்ல மாட்டேன். அவன் என்கூட வேலைக்கு வரட்டும், இந்தப் பிள்ளைக ரெண்டும் அம்மாகிட்ட இருக்கட்டும்."

அண்ணாச்சி, எனக்கு நாப்பத்தஞ்சு வயசு அப்ப. இடுப்பு வலி வேற. ஆட்டு வண்டி பின்னால மூட்டையத் தூக்கிக்கிட்டு ராட்சசன் ஊரு ராட்சசன் ஊரா ஓடவா? அந்த லோகி பக்கத்துல உக்காந்து திங்கவா? நிலத்த யாரு பாக்குறது? பசுவை யாரு கறக்குறது? இவளால தனியா முடியுமா? நான் குடும்பத்தத்தான் யோசிச்சேன். புள்ளைகளுக்கு அங்க சாப்பாடாவது இருக்கு. மவன் தேறித்தான இருந்தான்?

இவ திரும்பி என்னையப் பாத்தா. "சொல்லு"ன்னா. இருவது வருசக் குடித்தனத்துல 'சொல்லும்', 'வாரும்'னு மரியாதையாத்தான் பேசுவா. அன்னிக்கு அத்தன பேரு முன்னால, சாமி முன்னால, புள்ளைக முன்னால, 'சொல்லு'ன்னா. அதுதான் கடைசியா அவ வாயிலேர்ந்து நான் கேட்ட வார்த்தை. புருசன மதிக்காம சொன்ன வார்த்தை.

நான் என்ன சொன்னேன்னா, "முடிஞ்சு போன விசயத்த எதுக்கு சாமி கிளறணும்? பையன் அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்லா?"ன்னேன். சரியான பேச்சுதான? நீங்க நாலு ஊரு பாத்தவரு, சொல்லுங்க.

ரோஸ்க்வா அழுதா. தியால்வி அழல. தொழுவத்துக்குப் போயி, நொண்டிக் கெடாவைக் கைத்தாங்கலா நடத்திக் கொண்டாந்து வண்டியில பூட்டுனான். என்னையத் தாண்டிப் போறப்ப, "வாரேன்ப்பா"ன்னான். வாரேன்னுதான் சொன்னான். மூணு வருசமாச்சு. இடி இடிச்சா இவ வாசல்ல போயி மழையில நிக்கா.

அந்தச் சாமி வண்டியில ஏறுறதுக்கு முன்னால என்னைய ஒரு பார்வை பாத்தாரு. கோவம்னா எனக்குத் தெரியும். அது கோவம் இல்ல. சோத்துல புழுவைப் பாத்தா மூஞ்சி எப்படிப் போகும்? அப்படிப் போச்சு. என்னையப் பாத்து அருவருப்புப்படுதாரு! தாடியில கொழுப்பு வழிய, வண்டிக் கெடாவையே அறுத்துத் தின்னுட்டு, காலையில அதையே எழுப்பி ஓட்டிக்கிட்டுப் போறவரு! அன்னிக்குக் கழுத்துல கெடந்த சுத்தியல அத்து அடுப்புல எறிஞ்சேன். அன்னியோட கறியும் விட்டுப் போச்சு. வாயில வச்சா அந்தக் கெடா கண்ணு ஞாபகம் வரும்.

நீங்க ஏன் கைய எடுத்துட்டீங்க? தின்னுங்க. ஏ யோருன், அண்ணாச்சிக்கு இன்னும் ரெண்டு துண்டு போடு... போட மாட்டா. கேக்காத மாதிரி இருப்பா. போதுமா? சரி, உங்க இஷ்டம்.

அது என்ன, தொடை எலும்புல்லா? அத அப்படியேவா நாய்க்குப் போடப் போறீங்க? உள்ள பூரா இருக்குமே. கறிதான் எனக்கு ஆகாது அண்ணாச்சி, இது கறியில்லையே. இங்க தள்ளுங்க. உடைக்க மாட்டேன். கத்தியச் சொருகினா அதுவே விரிஞ்சிக்கிடும்.